திருவொற்றியூர் வீட்டில் கரப்பான், கரையான், எலி: மருந்துக்கு முன்னால் செய்த வேலைகள்

திருவொற்றியூரில் கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் நடுவே இருக்கும் பழைய தெருக்களில் குடியிருப்பவர்களுக்கு நான் சொல்லப்போவது பாதி தெரிந்த கதைதான். எங்கள் வீடு எழுபதுகளில் அப்பா கட்டியது. தரைத்தளமும் மொட்டைமாடியும் மட்டும். பின்பக்கம் உறைகிணறு, அதை ஒட்டிக் குளியலறை. ரோட்டை உயர்த்தி உயர்த்திப் போட்டதில் வாசல் இப்போது தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது. கார்த்திகை மாதத்தில் கிணற்றுத் தண்ணீர் குனிந்தால் கைக்கு எட்டும். அந்த மாதங்களில் சுவர் முழங்கால் உயரத்துக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பெயின்ட் செதில் செதிலாகக் கொட்டும்.

இப்படிப்பட்ட வீட்டுக்கு வருஷ ஒப்பந்தத்தில் ஆள் வைத்து ஸ்ப்ரே அடிப்பது எங்கள் பகுதியில் வழக்கம். நாங்களும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தோம். அடித்த வாரம் நெடி தாங்காது, ஒரு பூச்சி கண்ணில் படாது. அடுத்த மாதம் எல்லாம் திரும்பி வந்திருக்கும். காரணம் எளிது. பெரிய கரப்பானின் வீடு சாக்கடைக் குழாய். கரையானின் வீடு மண். பெருச்சாளிக்குக் கால்வாய்க் கரையும் மழைநீர் வடிகாலும். நம் வீடு அவற்றுக்குச் சாப்பாட்டுக் கடை, அவ்வளவுதான். கடைக்கு உள்ளே மருந்தடித்து அன்றைக்கு வந்தவர்களைக் கொல்லலாம், நாளைக்கு வருகிறவர்களைத் தடுக்க முடியாது. இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரியது. இங்கே மண்ணில் ஊற்றுகிற எதுவும் அதிக தூரம் போக வேண்டாம், கிணறு பக்கத்திலேயே இருக்கிறது. மணல் பூமி, தண்ணீர் மேலேயே நிற்கிறது. அதனால் வழியை அடைப்பது, ஈரத்தை நிறுத்துவது, அதற்கும் மிஞ்சினால் மட்டும் மருந்து என்று வரிசை வைத்துக்கொண்டு இந்த வேலையை எடுத்தேன். மாசியில் ஆரம்பித்து மழைக்கு முன்னால் பெரும்பாலும் முடிந்தது.

முதலில் கரப்பான். வீட்டில் இரண்டு ஜாதி இருக்கும், இரண்டுக்கும் வைத்தியம் வேறு. கட்டைவிரல் நீளத்துக்குச் செம்பழுப்பாக, பறக்கவும் செய்கிற பெரியது ஒன்று. அமெரிக்கக் கரப்பான் என்று பெயர். இது சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் வாழ்ந்து, ராத்திரியில் குழாய் வழியாக ஏறி வரும். இன்னொன்று அரை அங்குலத்துக்குச் சற்று மேலே, வெளிர்பழுப்பாக, தலைக்குப் பின்னால் இரண்டு கருப்புக் கோடுகளோடு இருக்கும். அது ஜெர்மன் கரப்பான். பெரும்பாலும் சமையலறையை விட்டு வெளியே போகாது. ஃபிரிட்ஜ் மோட்டார், மிக்ஸிக்கு அடிப்பக்கம், கேஸ் அடுப்பின் கீழ் என்று சூடும் ஈரமும் உள்ள இடத்தில் குடும்பம் நடத்தும். பெரியது வந்தால் குழாயைப் பாருங்கள், சின்னது வந்தால் சமையலறையைப் பாருங்கள்.

குழாயைப் பார்க்க எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு ஊதுபத்தி போதும். ராத்திரி ஃபேனை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ஊதுபத்தியைக் கொளுத்திக் குளியலறைத் தண்ணீர் போகும் ஓட்டைக்கு நேர் மேலே ஒரு சாண் உயரத்தில் பிடித்தேன். புகை நேராக ஏற வேண்டும். எங்கள் குளியலறையில் அது ஓட்டைக்கு மேலே வந்ததும் பக்கவாட்டில் சாய்ந்து கலைந்தது. குழாயிலிருந்து காற்று வருகிறது என்று அர்த்தம். காற்று வருகிற இடத்தில் கரப்பானும் வரும். ஜாலியைக் கழற்றி டார்ச் அடித்தால் கீழே நேராகப் பழைய மண்குழாய். நடுவில் தண்ணீரைத் தேக்கிக் காற்றைத் தடுக்கிற ட்ராப் என்று ஒன்று இல்லவே இல்லை. அந்தக் காலத்து வீடுகளில் இது சகஜம். தண்ணீர் நேரே பின்பக்கக் கால்வாயில் விழும்படிக் கட்டிவிட்டு, பின்னால் பாதாளச் சாக்கடை வந்தபோது அப்படியே இணைத்துவிடுவார்கள்.

கொத்தனாரைக் கூப்பிட்டு அந்த இடத்தில் ஒரு அடிச் சதுரம் தரையை உடைத்தோம். உள்ளே இருந்த மண் கருத்து, பிசுபிசுவென்று, சாக்கடை வாடையோடு இருந்தது. மண்குழாயின் வாய் விரிசல் விட்டு, பல காலமாகத் தண்ணீர் தரைக்கு அடியில் கசிந்திருக்கிறது. ஓதத்துக்கும் கரையானுக்கும் இதுவும் ஒரு காரணம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. விரிசல் விட்ட துண்டை எடுத்துவிட்டு, பிவிசி நானி ட்ராப் ஒன்றை வைத்தோம். இதில் எப்போதும் 50 மில்லிமீட்டர், அதாவது இரண்டு அங்குலம் தண்ணீர் தங்கி நிற்கும். அந்தத் தண்ணீர்தான் கதவு. பிவிசியையும் மண்குழாயையும் சேர்க்கும் இடத்தில் சணலைச் சிமெண்ட் பாலில் நனைத்து இறுகச் சுற்றித் திணித்து, அதன் மேல் கலவை பூசச் சொன்னேன். வெறும் கலவை வைத்தால் கொஞ்ச நாளில் விட்டுவிடும். ட்ராப்பின் வாய் தரைமட்டத்துக்கு ஒரு நூல் கீழே இருக்க வேண்டும், இல்லையென்றால் சுற்றிலும் தண்ணீர் தேங்கும். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்னால் ஒரு மக் தண்ணீர் ஊற்றி வாட்டம் பார்த்துவிட்டுத்தான் மேலே போனோம். மேல்மூடிக்குச் சாதாரண ஜாலி வேண்டாம், கடையில் காக்ரோச் ஜாலி என்று கேட்டால் கீழே குவளை வைத்தது தருவார்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள். கடற்காற்றில் மற்றதெல்லாம் சீக்கிரம் துரு பிடிக்கும்.

ட்ராப் வைத்தால் மட்டும் போதாது, அதில் தண்ணீர் இருக்க வேண்டும். புழங்காத குளியலறையில் வெயில் காலத்தில் சில வாரத்தில் வற்றிவிடும், கதவு திறந்துகொள்ளும். ஊருக்குப் போகிறவர்கள் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றி, அதன் மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டுவிட்டுப் போங்கள். எண்ணெய் மேலே படலமாக மிதந்து, தண்ணீர் ஆவியாவதைத் தாமதப்படுத்தும்.

சமையலறைத் தொட்டிக்குக் கீழே இன்னொரு வழி இருந்தது. அந்த மடிப்பு மடிப்பான வேஸ்ட் பைப்பைச் சுவர் ஓட்டையில் சும்மா செருகி வைத்திருப்பார்கள், சுற்றிலும் ஒரு விரல் சந்து இருக்கும். பாட்டில் ட்ராப் மாட்டி, சுவரில் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் போட்டு, மிச்சச் சந்தை எம்-சீல் வைத்து அடைத்தேன். வாஷ்பேசினுக்கும் அதேதான். இவ்வளவும் முடிந்த பிறகு பெரிய கரப்பான் அநேகமாக நின்றுவிட்டது. ஒரு சொட்டு மருந்து செலவாகவில்லை.

சின்னதற்கு மருந்து வேண்டியிருந்தது. இதற்கு ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. நெடி பட்டதும் கலைந்து, பக்கத்து அறை ஸ்விட்ச் பாக்ஸ் வரைக்கும் பரவிவிடும். ஜெல்தான் சரி. இமிடாகுளோபிரிட் 2.15 சதவீதம் என்று போட்டிருக்கும், ஊசி மாதிரி டியூபில் வரும். கடுகு அளவுப் பொட்டுகளாக நிறைய இடத்தில் வைக்க வேண்டும். பெரிய உருண்டையாக ஓரிடத்தில் வைத்தால் வேஸ்ட். அலமாரிக் கீல், டிராயரின் அடிவிளிம்பு, ஃபிரிட்ஜின் பின்பக்கக் கீழ்மூலை, அடுப்பு மேடைக்குக் கீழே கல்லும் சுவரும் சேருமிடம், இந்த மாதிரி இடங்கள். தின்றது பொந்துக்குள் போய்ச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்கிற குஞ்சுகளும் சாகும். ஜெல் வைத்த இடத்துக்குப் பக்கத்தில் ஸ்ப்ரே அடித்தாலோ பினாயில் போட்டுத் துடைத்தாலோ கரப்பான் அதைச் சீண்டாது. பெண் கரப்பான் 30, 40 முட்டை கொண்ட பையை வாலோடு ஒட்டிச் சுமந்தே திரியும். அது பொரிந்து வருவதற்காக மூன்று வாரம் கழித்து மறுபடி பொட்டு வைக்க வேண்டும். அந்த இரண்டாவது சுற்றை விட்டுவிடுவதால்தான் பல வீடுகளில் ஜெல் வேலை செய்யவில்லை என்கிறார்கள்.

எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்க ராத்திரி டார்ச்சுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிப் பார்த்தேன். கரப்பானுக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகத் தெரியாது, ஓடாமல் நிதானமாக நடக்கும். எந்தச் சந்திலிருந்து வருகிறது, எங்கே திரும்பிப் போகிறது என்று நின்று பார்க்கலாம். எங்கள் வீட்டில் மொத்தக் கூட்டமும் மிக்ஸியின் அடிமூடிக்குள் இருந்தது. கேரம் போர்டுக்குப் போடுகிற போரிக் பவுடரை மாவும் சர்க்கரையும் சேர்த்து உருட்டி வைப்பது அம்மாவின் பழைய வழக்கம். அதுவும் வேலை செய்யும், மெதுவாக. தவழும் குழந்தையோ நாயோ உள்ள வீட்டில் தரையில் வைக்க வேண்டாம்.

இனி கரையான். இதில்தான் அதிக நேரமும் பணமும் போயிற்று, யோசனையும் அதிகம்.

குளியலறைக் கதவு நிலையின் காலோடு சேர்ந்து, சுண்டுவிரலில் பாதி அகலத்துக்கு ஒரு மண் கோடு ஏறியிருந்தது. அதில் இரண்டு அங்குலத்தை ஸ்க்ரூடிரைவரால் பெயர்த்து எடுத்தேன். உள்ளே வெள்ளை வெளேரென்ற சின்னச் சின்ன உடம்புகள் மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்தன. வெளிச்சம் பட்டதும் பெரும்பாலானவை மறைந்துவிட்டன. தலை மட்டும் மஞ்சள் பழுப்பாகத் தடித்த சில, உடைந்த விளிம்பில் வரிசையாக வந்து நின்று தாடையைத் திறந்து திறந்து மூடின. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக வந்து, ஈரமண் துணுக்கை விளிம்பில் ஒட்டிவிட்டுப் போக ஆரம்பித்தன. மறுநாள் காலையில் ஓட்டை அடைபட்டிருந்தது. இதுதான் சோதனை. பெயர்த்த கோடு மறுபடி கட்டப்பட்டால் கரையான் உயிரோடு இருக்கிறது. காய்ந்து அப்படியே கிடந்தால் பழைய கோடு. நிலையை ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டிப் பார்த்தபோது முதல் ஒன்றரை அடி டொக்டொக்கென்று வெற்றொலி கொடுத்தது. நுனியை வைத்து அழுத்தினால் பெயின்ட் தோலைக் கிழித்துக்கொண்டு கைப்பிடி வரை இறங்கியது. வெளியே பார்க்க நிலை புத்தம் புதிது.

வழக்கமான வைத்தியம் தரையும் சுவரும் சேருமிடத்தில் துளை போட்டு மருந்து ஏற்றுவது. அதற்கு இந்தியத் தரநிலையே இருக்கிறது, ஐ.எஸ். 6313, மூன்றாம் பகுதி. 12 மில்லிமீட்டர் துளை, 30 சென்டிமீட்டருக்கு ஒன்று, துளைக்கு அதிகபட்சம் 1 லிட்டர் கரைசல். முன்பெல்லாம் குளோர்பைரிபாஸ் 20 சதவீதத்தை ஒன்றுக்குப் பத்தொன்பது பங்கு தண்ணீரில் கலந்து ஏற்றுவார்கள். தெருவே நாறும். 2025 மே மாதம் அந்த மருந்தை எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களுக்கான ஸ்டாக்ஹோம் உலக உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சில விலக்குகளோடு சேர்த்துவிட்டார்கள். இப்போது அதிகம் பயன்படுவது இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதம், லிட்டருக்கு 2.1 மில்லி. வாடை கிடையாது. மருந்து இருப்பதே கரையானுக்குத் தெரியாது, அதன் வழியாக நடந்து போய் மற்றவற்றுக்கும் ஒட்டவைக்கும். நல்ல மருந்துதான்.

ஆனால் குளியலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் கிணறு. அந்த வரிசையில் துளை போட நான் சம்மதிக்கவில்லை. மருந்து ஏற்ற வந்தவர், "சார், எல்லா வீட்லயும் போடுறோம், ஒண்ணும் ஆகாது" என்றார். கார்த்திகையில் அந்தத் தரைக்கு ஓரடி கீழே தண்ணீர் நிற்கும். அங்கே லிட்டர் லிட்டராக ஏற்றினால் அது கிணற்றுக்குப் போகாமல் எங்கே போகும்? அந்தத் தண்ணீரில்தான் நாங்கள் குளிக்கிறோம், பாத்திரம் கழுவுகிறோம். கிணற்றிலிருந்து தள்ளி இருக்கும் முன்னறையில் மட்டும், தண்ணீர் மட்டம் நன்றாக இறங்கிய சித்திரையில், துளை போட்டு மருந்து ஏற்றினோம். பின்பக்கத்துக்கு வேறு வழி பார்த்தோம்.

ஆசாரி நிலைக்கு மேலே முட்டுக் கொடுத்துவிட்டு, இரண்டு காலையும் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்கு அறுத்து எடுத்தார். அறுத்த துண்டை உடைத்துப் பார்த்தால் தேன்கூடு போல அடுக்கடுக்காக மண்ணும் ஓட்டையும்தான், மரம் தாள் கனத்துக்குக்கூட இல்லை. அந்த இடத்தில் அதே அகலத்துக்குக் கருங்கல் துண்டு வெட்டி வந்து, அடியில் காங்கிரீட் போட்டு நிறுத்தினார்கள். மேலே மிச்சமிருந்த நல்ல மரத்தின் அறுத்த முனைக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் இரண்டு கை அடித்தோம். மரப்படகுக்கு அடிக்கிற அதே கருப்பு எண்ணெய். கையில் பட்டால் கொப்புளம் போடும், உறை போட்டுக்கொள்ளுங்கள். பெயின்ட் அடிக்காத உள்பக்க மரத்துக்குப் போராக்ஸும் போரிக் ஆசிடும் சுடுதண்ணீரில் கரைத்து, ஊறும்வரை பிரஷ்ஷால் தடவினேன். அது நனையாத இடத்துக்கு மட்டும் பொருந்தும். தண்ணீர் பட்டால் கரைந்து போய்விடும்.

மண்ணுக்குள் கரையான் இன்னும் இருக்கிறது. அது இருந்துவிட்டுப் போகட்டும். தின்ன மரமும் ஏறுவதற்கு மறைவான ஈரமும் இல்லாமல் செய்வதுதான் எங்கள் வேலை. அதனால் சுவரை ஒட்டியிருந்த பூச்செடிப் பாத்தியை எடுத்தோம், கிணற்றடியில் கிடந்த பழைய ஜன்னல் சட்டங்களை அப்புறப்படுத்தினோம், பரண்மேல் இருந்த அட்டைப்பெட்டிகள் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாறின. சுவரில் முழங்கால் உயரத்துக்கு யாரோ பூசிவைத்திருந்த சிமெண்டைச் செதுக்கி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புப் பூச்சு வைத்தோம். பழைய செங்கல் சுவருக்குச் சிமெண்ட் பூசினால் ஓதம் வெளியே வர வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும். சுண்ணாம்பு அதை மூச்சுவிட வைக்கும். உப்பு இன்னமும் பூக்கத்தான் செய்கிறது, ஆனால் பூத்ததைத் துடைப்பத்தால் தட்டிவிட்டால் போகிறது. சுவர் காய்ந்ததும் புத்தக அலமாரியில் இருந்த வெள்ளிப்பூச்சியும் தானாகக் குறைந்தது. கருங்கல்லின் மேல் மறுபடி மண் கோடு ஏறுகிறதா என்று மாதம் ஒருமுறை பார்க்கிறேன். ஏறினாலும் கல்லில் ஒளிய இடமில்லை, கண்ணுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் துடைத்துவிடலாம்.

எலிக்கு வருகிறேன். ஓட்டுக்கும் மாடிக்கும் ஏறுகிற வீட்டெலி வேறு, தரையைத் தோண்டுகிற பெருச்சாளி வேறு. எங்கள் பக்கம் இரண்டும் உண்டு. எது எந்த வழியாக வருகிறது என்று பார்க்கக் கோலமாவு நல்ல உதவி. அரிசிமாவு வேண்டாம், எறும்பு வரும், எலியும் நக்கிவிடும். கல்மாவைச் சல்லடையில் சலித்து, சுவரோரமாக மெல்லிசாகத் தூவிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் முன்காலில் நான்கு விரல், பின்காலில் ஐந்து விரல், நடுவே வால் இழுத்த கோடு என்று எல்லாம் அப்படியே பதிந்திருந்தது. தடம் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலிருந்து கிளம்பிச் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேனின் கீழே முடிந்தது. ஃபேன் ஓட்டைக்கு வெளியே வலை இல்லை. மாடிக் கைப்பிடிச்சுவரின் மேல் பக்கத்துத் தென்னையின் மட்டை சாய்ந்திருந்தது. அதுதான் ஏணி.

மட்டையை வெட்டச் சொன்னோம். மரத்தைச் சுற்றி, ஆள் உயரத்துக்கு மேலே, தென்னந்தோப்பில் செய்வது போல இரண்டடி அகலத் தகரம் கட்டினோம். ஃபேனுக்கு வெளியே, ஏ.சி. குழாய் நுழைகிற ஓட்டைக்கு, கேபிள் ஓட்டைக்கு எல்லாம் கால் அங்குலக் கண்ணுள்ள வலை. எலி அரை அங்குலச் சந்தில் நுழைந்துவிடும், சுண்டெலிக்குக் கால் அங்குலத்துக்குச் சற்று மேல் இருந்தாலே போதும். சாதாரண ஜி.ஐ. வலை (துத்தநாகம் பூசிய இரும்பு) இங்கே சீக்கிரம் துருப்பிடித்து, கையால் தொட்டாலே உதிரும். 304 ஸ்டெயின்லெஸ் வலை விலை அதிகம்தான், ஆனால் ஒருமுறை போட்டால் போட்டதுதான். சின்னச் சந்துகளுக்குப் பாத்திரம் தேய்க்கிற ஸ்டெயின்லெஸ் கம்பிநாரைத் திணித்து மேலே கலவை பூசினேன். வெறும் கலவையை எலி சுரண்டிவிடும், கம்பிநார் பல்லில் சிக்கும்.

பெருச்சாளி பின்பக்கச் சாக்கடைச் சேம்பரை ஒட்டி வளை தோண்டியிருந்தது. மணல் பூமியில் இது ஆபத்து. ஒரு கூடை மணலை வெளியே தள்ளிவிட்டால் மேலே தளம் அந்தரத்தில் நிற்கும். வளையின் வாயில் செய்தித்தாளைச் சுருட்டிச் செருகிவைத்தேன். காலையில் தாள் வெளியே கிடந்த வளைகளில் மட்டும் வேலை. இரண்டு சாண் ஆழத்துக்குத் தோண்டி, உடைந்த பாட்டில் கண்ணாடியும் ஜல்லியும் கலந்த காங்கிரீட்டைத் தளர்வாகக் கலக்கி ஊற்றினோம். சேம்பர் மூடியின் உடைந்த மூலைக்குப் புது மூடி போட்டோம்.

உள்ளே மாட்டிக்கொண்டவற்றுக்கு எலிக்கூண்டு. புதுப்பொருளைக் கண்டால் எலி சில நாள் கிட்டே வராது. அதனால் முதலில் கொக்கி மாட்டாமல், கதவைத் திறந்தே, சுவரோரமாக வைத்துத் தினமும் உள்ளே தீனி போட்டேன். பயமில்லாமல் தின்னப் பழகிய பிறகு கொக்கியை மாட்டினேன். சுட்ட தேங்காய்ச் சில்லை விட, மசால் வடையை விட, எங்கள் எலிகளுக்கு நெத்திலிக் கருவாடுதான் பிடித்திருந்தது. கூண்டைத் தொட்டால் கையுறை போட்டுத் தொடுங்கள், பின்னர் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கழுவுங்கள். எலியின் மூத்திரத்தில்தான் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கிறது. காலில் சின்ன வெட்டுக்காயம் இருந்தால் போதும், அதன் வழியாக உள்ளே போய்விடும்.

எலி மருந்து எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். மஞ்சள் பாஸ்பரஸ் பசைக்கு மாற்று மருந்தே கிடையாது, கல்லீரலை அழித்துவிடும். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை தானியக் கிடங்குக்கானது. காற்றில் இருக்கிற ஈரம் பட்டாலே பாஸ்பீன் வாயு கிளம்பும். கடலோரத்தில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் ஒரு வீட்டில் எலிக்கு வைத்த மருந்தின் நெடியில் இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள். பெற்றோரும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்குத்தான் ஒப்பந்த ஆளை வேண்டாம் என்று நிறுத்தினோம். வீட்டுக்குள் யார் என்ன வைத்தாலும் டப்பாவை வாங்கிப் பெயரைப் படியுங்கள். பெயர் சொல்ல மறுத்தால் உள்ளே விடாதீர்கள்.

கூர்மூக்கோடு, கீச்கீச்சென்று கத்திக்கொண்டு சுவரோரமாக ஓடுவது எலி இல்லை, மூஞ்சூறு. வாடை அடிக்கும், வேறு கெடுதல் இல்லை. கரப்பானையும் பூச்சியையும் தின்று பிழைக்கிறது. பிள்ளையார் வாகனம் என்று அம்மா அதைத் தொடவிட மாட்டார். நானும் அதே கட்சி. கூண்டில் விழுந்தால் பின்பக்கம் திறந்துவிட்டுவிடுவேன். பசை அட்டை வாங்காமல் இருப்பதற்கும் இதுதான் காரணம். அதில் எலியை விட மூஞ்சூறும் பல்லியும்தான் ஒட்டிக்கொண்டு துடிக்கும்.

கொசுவுக்குக் கால்வாயை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ராத்திரி காதோரம் பாடுகிற கியூலெக்ஸ் அழுக்குத் தண்ணீரில் வளர்வது உண்மை. அதற்குக் கால்வாய் வரை போக வேண்டாம், நம் செப்டிக் டேங்கின் காற்றுக்குழாயே போதும். மாடிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குழாயின் வாயில் நைலான் கொசுவலையை மடித்துப் போட்டு நைலான் கயிற்றால் கட்டினேன். கட்டிய மறுநாள் சாயங்காலம் பார்த்தால் வலையின் உள்பக்கம் கருப்பாகக் கொசு அப்பியிருந்தது. இத்தனையும் தினமும் வெளியே வந்துகொண்டிருந்திருக்கிறது. தெருவில் யாருக்குமே நான் முதலில் சொல்வது இந்த வேலையைத்தான். செலவு ஒரு முழம் வலை.

பகலில் கடிக்கிற ஏடிஸ் நல்ல தண்ணீரில் வளர்வது. ஃபிரிட்ஜின் பின்தட்டு, தொட்டிச்செடியின் கீழ்த்தட்டு, மாடியில் கவிழ்க்காமல் விட்ட கொட்டாங்கச்சி எல்லாம் அதற்குப் போதும். டிரம்மில் தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் தீராது. முட்டை தண்ணீர்க்கோட்டுக்கு மேலே சுவரில் ஒட்டிக்கொண்டு, மாதக்கணக்கில் காய்ந்தே கிடந்து, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். நார் போட்டுத் தேய்க்க வேண்டும், வாரம் ஒருமுறை. கிணற்றுக்கு மூங்கில் சட்டத்தில் நைலான் வலை கட்டி மூடியும், உள்ளே கொசுப்புழுவைத் தின்கிற கப்பி மீன் விட்டும் இருக்கிறோம். மலேரியாவைப் பரப்புகிற அனாபிலிஸ் ஸ்டீபன்சி கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் வளர்கிற ஜாதி. மாடித் தொட்டியின் வழியும் குழாய்க்கும் வலை உண்டு.

எறும்புக்குத் தனியாக ஒன்றும் செய்யவில்லை. சந்துகளை அடைத்ததில் பாதி போய்விட்டது, மிச்சத்துக்குச் சர்க்கரை டப்பாவைத் தண்ணீர்த் தட்டில் வைக்கிற அம்மா காலத்து வழியே போதும்.

மழைக்காலம் தனிக் கதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது இந்தப் பக்கமெல்லாம் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்தது. தண்ணீர் ஏறினால் வளைகள் எல்லாம் மூழ்கி, எலியும் பூரானும் மரவட்டையும் மேட்டைத் தேடி வரும். நம் வீட்டுப் பரண்தான் மேடு. அதனால் ஐப்பசி பிறப்பதற்குள் இந்த அடைப்புகளை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுகிறேன். ஊதுபத்திச் சோதனையும் அப்போதே மறுபடி. தண்ணீர் வடிந்த பிறகு பூட்ஸும் கையுறையும் இல்லாமல் சேற்றில் இறங்கக் கூடாது. கழுவிப் போன ஜெல்லைப் புதிதாக வைக்க வேண்டும். கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர் சாதாரண நாளில் 1000 லிட்டருக்கு 2.5 கிராம் கணக்கு. வெள்ளம் கலந்த கிணற்றுக்கு அதை இரண்டு மடங்காக்கிப் போட வேண்டும். குளோரின் பட்டால் கப்பி மீன் செத்துவிடும், முன்கூட்டியே ஒரு வாளியில் எடுத்து வைத்துக்கொண்டு, வாடை போன பிறகு திரும்ப விடுகிறோம்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. எங்கள் சேம்பரும் இரண்டு பக்கத்து வீட்டுச் சேம்பரும் ஒரே குழாயில் சேர்ந்துதான் தெருவுக்குப் போகின்றன. நாங்கள் மட்டும் அடைத்தால் கரப்பானும் பெருச்சாளியும் அவர்கள் வீட்டுக்குத் திரும்பும், அங்கிருந்து பொதுச்சுவர் ஏறி மறுபடி இங்கே வரும். மூன்று வீட்டுக்கும் சேர்த்து வெளியே ஒரு கல்லி ட்ராப் வைத்து, மூன்று சேம்பருக்கும் காங்கிரீட் மூடி போடுவதாகப் பேசி முடித்திருக்கிறோம். கொத்தனார் வைகாசியில் வருவதாகச் சொல்லியிருக்கிறார், செலவை மூன்று வீடும் பங்கிட்டுக்கொள்கிறோம்.